பழைய கணினியைப் பேணும் உபாயங்கள்



ஹேடோ துறையில் வந்து நிற்கும் கப்பல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு கலம் பழையதாகிவிட்டது என்பதற்காக யாரும் அதை அன்றே உடைத்து விற்றுவிடுவதில்லை. அடிப்பாகத்தைச் சுரண்டித் துருப்பிடித்த தகட்டை மாற்றி வண்ணம் பூசுகிறார்கள். அத்துடன், இனி அது எந்தக் கடலில் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஓர் எல்லையும் வகுத்து விடுகிறார்கள். வீட்டிலும் கடையிலும் சங்கத்திலும் நாம் வைத்திருக்கும் பழைய மேசைக் கணினிக்கும் இந்த இரண்டு காரியங்களையே செய்ய வேண்டும். செப்பனிடுவது ஒன்று, எல்லை வகுப்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதை மறந்துவிடுவோர் பலர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கணினிக்கு வயதாகிறது என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். இயந்திரம் தேய்வது ஒரு சங்கதி. அதை இயக்குகின்ற அடிப்படை மென்பொருளை, அதாவது இயங்குதளத்தை, அதைச் செய்தவர்களே கைவிடுவது வேறொரு சங்கதி. விண்டோஸ் எக்ஸ்பி என்பது 2001 அக்டோபரில் வெளிவந்து, 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு ஆதரவை இழந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7 அவ்வாறே 2020 ஜனவரி 14ஆம் நாள் கைவிடப்பட்டது. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாள் அந்த முறை வந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் ஓராண்டுத் தவணையாக, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அந்த நாள் வந்தவுடன் கணினி நின்றுவிடும் என்று சிலர் அஞ்சினார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கணினி முன்போலவே ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை; அவ்வளவே. அந்த ‘அவ்வளவே’ எவ்வளவு பெரிது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

புதிய விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. ஏறக்குறைய 2017, 2018க்குப் பின் வந்த செயலிகளையே ஏற்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியும் இந்த வாயிலில் தடுக்கப்படுகிறது. ரூஃபஸ் என்ற சிறு கருவியால் அந்தச் சோதனைகளைத் தாண்டி நிறுவ முடியும். ஆனால் அவ்வாறு நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று உறுதி தர இயலாது என்பதை மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. வீட்டில் சோதித்துப் பார்க்க விரும்புவோர் செய்து பார்க்கலாம். கடைக்கணக்கு இருக்கும் கணினியில் நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

இனி, செப்பனிடும் பகுதி. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. ஆகையால் மென்பொருளைக் குறைகூறுமுன் பெட்டியைத் திறந்து பார்ப்பது நலம். விசிறியில் படிந்த தூசி ஈரத்தோடு சேர்ந்து களிம்பாகிவிடும். நினைவக அட்டையின் பொன்னிறப் பற்களில் உப்புப் படிந்து கறுத்திருக்கும். மின்னிணைப்பை நீக்கி, அட்டையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்தினால், ‘செத்துவிட்டது’ என்று ஒதுக்கப்பட்ட கணினிகள் பல எழுந்து உட்கார்ந்துவிடும்.

தாய்ப்பலகையில் ஒரு நாணயம் போன்ற மின்கலம் இருக்கிறது. சி.ஆர். 2032 என்பது அதன் எண். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடச் செய்வது அதுவே. அது தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கணினி தன்னைப் பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நாளில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். விளைவு என்ன? இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று தடுக்கும். இணையப் பக்கங்கள் தம் மெய்த்தன்மையை நிரூபிக்கத் தேதியிட்ட சான்றிதழ்களைக் காட்டுகின்றன. நம் கடிகாரம் பிழையானால் எல்லாச் சான்றிதழும் பிழையாகவே தோன்றும். சொற்ப விலையுள்ள மின்கலம் இல்லாமையால் கணினியையே மாற்றியவர்களை நான் அறிவேன். கடிகாரம் சரியாக இருந்தும் இதே தொல்லை வருவதுண்டு. 2021 செப்டம்பர் 30ஆம் நாள் உலகெங்கும் பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாயிற்று. அதற்கு மாற்றான சான்றிதழைப் பெறாத பழைய கருவிகள் பல இணையதளங்களை அன்று திறக்க மறுத்தன. புதிய மூலச் சான்றிதழைக் கையால் நிறுவினால் அந்தக் குறை தீர்ந்துவிடுகிறது.

வேகம் போதவில்லை என்பவர்களுக்கு ஒரே மருந்து சொல்வேன். சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைத் தட்டைப் பொருத்துங்கள். விண்டோஸ் 7 முதற்கொண்டு அதைச் செவ்வையாகக் கையாளும் ஏற்பாடு உள்ளது. நினைவகத்தைக் கூட்டுவதும் நன்றே. ஆனால் நம் இல்லங்களில் உள்ள 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது என்பதை அறிந்து வாங்குக. ‘உங்கள் கணினியைப் பத்து மடங்கு வேகமாக்குவோம்’ என்று கூவி வரும் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். அவற்றுள் பல பயனற்றவை, சில திருடர்கள்.

இந்தத் தீவில் பழைய இயங்குதளத்தைக் காப்பது ஒரு காலத்தில் எத்தனை கடினமாக இருந்தது என்பதைப் புதிதாக வந்தோர் அறியார். சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே 2,300 கிலோமீட்டர் அளவில் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பிவடம் இட்டு, 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் அதைத் திறந்து வைத்தார்கள். அதற்கு முன் இணையம் பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பி இருந்தது. சில நூறு மெகாபைட் திருத்தத்தை இறக்குவதற்கு இரவு முழுதும் காத்திருந்து, விடியலில் இணைப்பு அறுந்து போவதைப் பார்க்க நேரும். ஆகையால் சென்னைக்குப் போகும் உறவினரிடம் வெற்றுத் தட்டைக் கொடுத்தனுப்பி, அங்கே திருத்தங்கள் அனைத்தையும் சேர்த்து வரச் சொல்லும் வழக்கம் இருந்தது. டபிள்யூ.எஸ்.யூ.எஸ். ஆஃப்லைன் என்ற கருவி இதற்கெனவே பயன்பட்டது. ஒரு கணினியில் திருத்தங்களைத் திரட்டி, இணையமே இல்லாத வேறு கணினிகளுக்குக் கொண்டுபோய் இடலாம். அரிசியும் பருப்பும் வந்த கப்பலிலேயே விண்டோஸ் திருத்தமும் மூன்று நாள் பயணம் செய்து ஹேடோவில் இறங்கிற்று என்றால் மிகையன்று.

கடைக்காரர்களின் சங்கடம் தனி வகை. டாஸ் காலத்தில் எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை இன்னும் விடாமல் வைத்திருப்போர் உண்டு. அதைக் குறை சொல்லவும் முடியாது; வேகமாக இயங்குகிறது, கைக்குப் பழகிவிட்டது, பற்று வரவு எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆனால் 64 பிட் விண்டோஸ் அத்தகைய 16 பிட் மென்பொருளை இயக்கவே இயக்காது. இதற்கு டாஸ்பாக்ஸ், விடாஸ் போன்ற கருவிகள் உதவும். புதிய கணினிக்குள் பழைய டாஸ் உலகம் ஒன்றை அவை போலியாகப் படைத்துத் தருகின்றன. அச்சுப்பொறியோ அடுத்த தொல்லை. பழைய மென்பொருள் 25 முனை கொண்ட இணை வாயிலைத் தேடும். புதிய கணினியில் இருப்பது யு.எஸ்.பி. 32 பிட் விண்டோஸிலேயே இருப்பவர்கள், அச்சுப்பொறியை வலைப்பகிர்வில் வைத்து, ‘நெட் யூஸ்’ என்ற கட்டளையால் அதனை எல்.பி.டி. 1 என்ற பெயரோடு இணைத்துவிட்டால், மென்பொருள் ஏமாந்து அதிலேயே பட்டியலை அடித்துத் தரும். புள்ளி அச்சுப்பொறிகளுக்கு இது பெரும்பாலும் பழுதின்றி வேலை செய்கிறது.

இனி, நம்மைப் போல் தாய்நிலத்தை விட்டு வந்து வாழும் தமிழர்க்கு மிக முக்கியமானதைச் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாக உரைத்தவர்கள். ஊர்ச் சங்கங்கள், கோயில் குழுக்கள், விழா மலர்கள், நன்கொடைப் பட்டியல்கள் என்று தமிழில் தட்டெழுதப்பட்டவை ஏராளம். அவற்றுள் பல, ஒருங்குறி என்னும் யுனிகோடு பரவுமுன் எழுதப்பட்டவை. அக்காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகளை அமர்த்தி வைத்தன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று நீங்கள் காண்பது, கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே கிடக்கிறது. அந்த எழுத்துரு உள்ள பழைய கணினி உயிரோடு இருக்கும்வரை அது தமிழ். அந்தக் கணினி போய்விட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். பாமினி ஒன்று மட்டுமா? டிஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் ஆகியவையும், ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல் வகுத்தவையும் எனப் பல இருந்தன. பழைய கணினியைக் காப்பதற்கு இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அதைக் காப்பது, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும்வரைதான். கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்பதைப் பழைய கணினியிலேயே திறந்து பார்த்துக் குறித்துக்கொள்க. பிறகு ஊகிப்பது கடினம். என்.எச்.எம். மாற்றி, சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி போன்ற கருவிகள் இத்தகைய பழைய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றித் தருகின்றன. ஓர் எச்சரிக்கை: ஆவணத்தின் இடையே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், மாற்றி அதையும் தமிழ் என்று எண்ணிப் பொருளற்ற எழுத்துகளாக்கிவிடும். முகவரிகளையும் மின்னஞ்சல்களையும் மனிதர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ரசீது எண்கள், தொகைகள் ஆகியவற்றை இரு முறை பார்ப்பது நல்லது.

எக்ஸ்பி கணினியில் ஒருங்குறித் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரிகிறது என்பார்க்கு: அதில் லதா என்ற தமிழ் எழுத்துரு உண்டு, ஆயினும் சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய துணைக்கோப்புகளைக் கட்டுப்பாட்டுப் பலகத்தின் மொழிப் பகுதியில் தேர்ந்து நிறுவினால்தான் எழுத்துகள் ஒழுங்காகக் கூடும். அப்போது நிறுவல் தகட்டைக் கேட்கும். தகட்டைத் தொலைக்காமல் வைத்திருக்கும் நண்பர் ஒருவரை இப்போதே தேடிக்கொள்ளுங்கள்.

எல்லை வகுப்பதைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். 2017 மே 12ஆம் நாள் வானாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. யாரும் எதையும் சொடுக்காமலே, ஒரே வலையில் உள்ள ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவிற்று. மூன்றாண்டுகளுக்கு முன்பே கைவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. விண்டோஸ் 7க்கோ இரண்டு மாதங்களுக்கு முன்பே திருத்தம் வந்திருந்தது. அதை இடாதவர்களே மிகுதியாக அடிபட்டார்கள். ஆகவே, ஆதரவு இழந்த கணினியில் வங்கி வேலை செய்யாதீர்கள். கூடுமானால் இணையத்தோடே அதை இணைக்காதீர்கள். இணைத்தே தீர வேண்டுமெனில், நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கில் நுழைந்து, இன்னும் திருத்தம் பெறும் உலாவியையே பயன்படுத்துங்கள். குரோம் உலாவி 2023 தொடக்கத்தில் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐ விட்டுவிட்டது. பயர்பாக்ஸின் 115ஆம் நீடித்த பதிப்பு அதன் பிறகும் நெடுங்காலம் திருத்தம் பெற்றது. எக்ஸ்பிக்கு அந்த வாய்ப்பு 2018இலேயே முடிந்தது. ஆர்வலர்கள் ஆக்கும் சூப்பர்மியம் போன்ற உலாவிகள் எக்ஸ்பியிலும் ஓடுகின்றன. செய்தி படிக்க அவை போதும், பணம் அனுப்ப அல்ல.

இணையமும் வேண்டும், பழைய இயந்திரமும் வேண்டும் என்பார்க்கு லினக்ஸே வழி. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் நம் மொழிகளை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, லுபுண்டு ஆகியவை 4 ஜி.பி. நினைவகத்தில் தாராளமாக ஓடும். 32 பிட் கணினிக்கு ஆன்டிஎக்ஸ் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் இவற்றில் செலவின்றிக் கிடைக்கும். நிறுவுமுன் யு.எஸ்.பி.யிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அச்சுப்பொறி பேசுகிறதா என்று அப்போதே சோதித்துவிடுங்கள்.

கடைசியாக, பழைய கணினியின் வன்தட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் பெயர்த்தெடுக்கும் கருவி ஒன்று உண்டு. டிஸ்க்2வி.எச்.டி. என்பது அதன் பெயர். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. அந்தக் கோப்பைப் புதிய கணினியில் வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் இட்டால், பழைய மேசையும் பழைய எழுத்துருக்களும் பழைய கணக்கும் பெரும்பாலும் அப்படியே ஒரு சாளரத்துக்குள் விழித்தெழும். இரும்புப் பெட்டி துருப்பிடித்தாலும் கவலை இல்லை. இப்பெயர்ப்பை இரண்டு தட்டுகளில் எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்ததைக் கண்டவர்கள் இந்தத் தீவில் இருக்கிறார்கள். ஆகவே இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க வேண்டாம். ஒன்று ஹேடோவில் இருக்கட்டும். மற்றொன்றை, அடுத்த கப்பலில் சென்னைக்குப் போகும் உறவினர் கையில் கொடுத்து, ஊரிலுள்ள வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.