ஸ்டெம் செல் சிகிச்சை: எது மருத்துவம், எது வியாபாரம்?

(மாதாந்திர மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் சில ஆண்டுகளாகப் புதிய சொல் ஒன்று தென்படுகிறது: ‘ஸ்டெம் செல் சிகிச்சை’. தமிழில் குருத்தணு என்கிறார்கள். மனுவோடு இணைத்திருக்கும் செலவு மதிப்பீட்டில் லட்சக்கணக்கில் தொகை இருக்கும். “நகையை அடகு வைத்துப் பாதியைக் கட்டிவிட்டோம், மீதிக்கு உதவுங்கள்” என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு எங்களுக்கு இருப்பதால், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இந்தத் துறையை முழுக்க ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் நடந்த ஓர் உண்மை நிகழ்ச்சியை முதலில் சொல்கிறோம்.

சிரியாவிலிருந்து ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த ஒரு குடும்பத்தில் ஏழு வயதுச் சிறுவன் இருந்தான். மேல்தோல் அடித்தோலோடு ஒட்டாமல் கழன்றுபோகும் பிறவி நோய் அவனுக்கு. லேசாக உரசினாலே கொப்புளம் வரும். இரண்டு தோலையும் பசைபோல் ஒட்டவைக்கும் புரதத்தை உண்டாக்கும் மரபணு பழுதாக இருந்ததே காரணம். 2015 ஜூனில் கிருமித் தொற்று முற்றி, போகும் நகர மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் சேர்த்தார்கள். சிறிது சிறிதாக உடம்பின் 80 சதவீத அளவு மேல்தோல் போய்விட்டது. தந்தையின் தோலை எடுத்து வைத்துப் பார்த்தார்கள், உடம்பு ஏற்கவில்லை. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம் என்ற நிலை.

அப்போது இத்தாலியின் மொடேனா நகரில் மிக்கேலே டி லூக்கா என்ற ஆய்வாளரின் குழுவை அணுகினார்கள். சிறுவனின் உடம்பில் கொப்புளம் இல்லாத ஓரிடத்திலிருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோலை எடுத்தார்கள். அது ஒரு தபால்தலை அளவுதான். அதிலிருந்த செல்களுக்குள் நல்ல மரபணுவைச் சேர்த்து, ஆய்வகத்தில் 0.85 சதுர மீட்டர் அளவுக்கு மேல்தோலாக வளர்த்தார்கள். 2015 அக்டோபர், நவம்பர், 2016 ஜனவரி என மூன்று கட்டமாக அந்தத் தோலை அவன் உடம்பில் பொருத்தினார்கள். 2016 பிப்ரவரியில் சிறுவன் வீடு திரும்பினான், பள்ளிக்கூடமும் போனான். 2017-இல் ‘நேச்சர்’ இதழில் முழு விவரமும் வெளியானது. ஐந்து ஆண்டுகள் கழித்துச் சோதித்த அறிக்கையிலும் தோல் உறுதியாக இருந்தது; புற்றுநோய் ஏதும் காணப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இது எப்படிப் பலித்தது? நம் மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்பவை தோலின் ஸ்டெம் செல்கள். அவை ஆயுள் முழுக்கப் பெருகித் தோலை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். தோலின் ஸ்டெம் செல்லைத் தோலிலிருந்தே எடுத்தார்கள், தோலுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். இதைக் கவனத்தில் வையுங்கள்.

இது திடீரென்று வந்ததும் அல்ல. அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்ட் இருவரும் மனிதத் தோல் செல்லை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை 1975-இல் வெளியிட்டார்கள். 1983-இல் 95 சதவீதத்துக்கும் மேல் தீக்காயம் அடைந்த ஐந்து, ஆறு வயதுச் சகோதரர்கள் இருவரை இந்த முறையால் காப்பாற்றினார்கள். அதே வழியில் கண்ணின் கருவிழி ஓரத்திலுள்ள ஸ்டெம் செல்களை வளர்த்து, ரசாயனம் பட்டுப் பார்வை இழந்தவர்களுக்குப் பொருத்தியதாக 1997-இல் இத்தாலியில் அறிவித்தார்கள். 2015-இல்தான் ஐரோப்பா அந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. நம் நாட்டில் ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனை இதில் நீண்ட அனுபவம் உள்ளது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது எலும்பு மஜ்ஜை மாற்று. மஜ்ஜையில் இருப்பது இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல். தலசீமியாவுக்கும் சில இரத்தப் புற்றுநோய்களுக்கும் இது உலகம் ஏற்ற சிகிச்சை. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்து வருகிறார்கள். உடன்பிறந்தவருடைய மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். ஆட்டிசம், மூளைவாதம், முதுகுத் தண்டுவடக் காயம், சர்க்கரை, மூட்டுத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று சில இடங்களில் விளம்பரம் செய்கிறார்கள். தோலுக்குத் தோல் செல், இரத்தத்துக்கு மஜ்ஜை செல் என்று பார்த்தோம். மூளைக் கோளாறுக்கு இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ செல்லை எடுத்து முதுகில் ஊசி போட்டால், அது மூளையில் போய் என்ன வேலை செய்யும்? அதற்கு நிரூபணம் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. இரத்தம் சார்ந்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் அனுமதி பெற்ற ஆய்வாகவே நடக்க வேண்டும். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆட்டிசத்துக்கு இதைச் செய்வதைத் தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் பரிந்துரைக்க மறுத்தது.

“ஸ்கேன் படத்தில் மாற்றம் தெரிகிறதே” என்று பெற்றோர் கேட்கிறார்கள். சிகிச்சைக்கு முன் நீலமாக இருந்த மூளை பின்பு பச்சையாக இருப்பதைக் காட்டுகிறார்களாம். அது பெட் ஸ்கேன். சர்க்கரை போன்ற ஒரு மருந்தில் சிறிது கதிரியக்கம் சேர்த்து ஊசி போட்டு, எந்த இடம் அதை எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவுக்குக் கணினி கொடுக்கும் நிறத்தைத்தான் நாம் பார்க்கிறோம். குழந்தை விழித்திருந்ததா, மயக்க மருந்து கொடுத்தார்களா, இரத்தச் சர்க்கரை எவ்வளவு என்பதைப் பொறுத்தும் அது மாறும். புற்றுநோயைக் கண்டறிய அருமையான கருவிதான். ஆனால் நிறம் மாறியதாலேயே நோய் குணமானது என்று ஆகாது. குழந்தை பேசுகிறதா, தானாகச் சாப்பிடுகிறதா என்பதே கணக்கு.

“பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே” என்றும் சிலர் சொல்கிறார்கள். ரஷ்யாவில் கருவின் ஸ்டெம் செல்களை மூளையில் செலுத்திக்கொண்ட ஒரு சிறுவனுக்கு, நான்கு ஆண்டுகளுக்குப் பின் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் இருந்தன. அவை அவனுடைய செல்கள் அல்ல, செலுத்தப்பட்ட செல்களிலிருந்து வளர்ந்தவை என்று 2009-இல் அறிக்கை வெளியானது. பெருகும் ஆற்றலே ஸ்டெம் செல்லின் பலம், ஆபத்தும் அதுவே.

பிரசவ நேரத்தில் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி வருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தையின் சொந்த எதிர்காலத்துக்காகச் சேமிக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. தலசீமியா போன்ற பிறவி நோய் வந்தால், அந்த இரத்தத்திலும் அதே பழுதான மரபணுதான் இருக்கும்.

ஆகவே யாராவது ஸ்டெம் செல் சிகிச்சை என்று சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒன்று, இந்த நோய்க்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? இரண்டு, ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் என்ன? மூன்று, ஆய்வுக்கு ஏன் பணம் கேட்கிறீர்கள்? நான்கு, எந்தச் செல்லை எடுத்து எங்கே செலுத்துகிறீர்கள், பின்விளைவு வந்தால் யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தச் சிரியச் சிறுவனுக்குச் செய்ததும் புதுச் சோதனைதான். ஆனால் அரசு அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பெற்றோர் சம்மதம் மூன்றும் இருந்தன. செய்ததை எல்லாம் உலகத்தின் முன் வைத்தார்கள்.

பிள்ளைக்காக எதையும் விற்கத் துணியும் பெற்றோரை நாங்கள் ஒருபோதும் குறை சொல்ல மாட்டோம். அந்தப் பாசத்தை விலை பேசுவதைத்தான் எதிர்க்கிறோம். நிரூபிக்கப்படாத ஊசிக்கு அறக்கட்டளை நிதி தராது. அதே குழந்தையின் பேச்சுப் பயிற்சிக்கும், இயன்முறைச் சிகிச்சைக்கும், சிறப்புப் பள்ளிக்கும், தலசீமியா பிள்ளையின் மஜ்ஜை மாற்றுக்கும் இயன்றதைத் தருவோம், இன்ஷா அல்லாஹ். பணம் கட்டுவதற்கு முன் மதிப்பீட்டுத் தாளோடு எங்களிடம் வாருங்கள். அந்த நான்கு கேள்விகளையும் கேட்க உங்களோடு நாங்களும் மருத்துவமனைக்கு வருகிறோம்.

வஸ்ஸலாம்.