உடம்பிலுள்ள முப்புரி

(பிள்ளைப்பாக்கம் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புரதம் என்கிற புரோட்டீனைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். பகுத்தறிவுக் கூட்டத்தில் இது என்ன பள்ளிக்கூடப் பாடம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஜாதி உடம்பிலேயே இருக்கிறது, பிறப்பிலேயே இருக்கிறது என்று சொல்லித்தானே நம்மை இவ்வளவு காலம் ஏய்த்து வந்தார்கள்? ஆகவே உடம்பில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டியதும் நமது வேலையேயாகும்.

உடம்பு செல் என்னும் சின்னஞ்சிறு அறைகளால் ஆனது. அந்த அறைகளின் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது புரதம். அது ஒரு மணிமாலை போன்றது. அமினோ அமிலம் என்னும் 20 வகை மணிகளை வரிசை மாற்றி மாற்றிக் கோத்தால் வெவ்வேறு புரதங்கள் உண்டாகின்றன. கோத்த வரிசைக்கு ஏற்றபடி மாலை மடங்கி முறுக்கி ஓர் உருவத்தை அடைகிறது. அந்த உருவமும், அது எதனோடு போய் ஒட்டுகிறது என்பதுமே அதன் தொழிலைத் தீர்மானிக்கின்றன.

உடனே ஒரு பண்டிதர் எழுந்து, “உருவத்துக்கு ஏற்ற தொழில் என்றால் வருணாசிரமம் சரிதானே?” என்று கேட்கலாம். ஐயா, சுமக்கும் புரதம், கட்டும் புரதம், செரிக்கும் புரதம் ஆகிய எல்லாம் ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருக்கின்றன. ஒருவனுக்குச் சுமப்பது மட்டும், இன்னொருவனுக்கு உண்பது மட்டும் என்று எந்த உடம்பும் பிரித்து வைக்கவில்லை.

இனி, நமது சென்னையிலேயே நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். தோல், எலும்பு, தசைநாண் இவைகளை இழுத்துக் கட்டி வைத்திருக்கும் புரதத்துக்குக் கொலாஜன் என்று பெயர். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். இதன் அமைப்பு தெரியாமல் மேல்நாட்டு அறிஞர்கள் திகைத்திருந்த காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஜி. என். ராமச்சந்திரனும், அவருடன் வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-ரே படங்களை ஆராய்ந்து, இது மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு என்று 1954-55-ல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு ஆராய்ச்சிக்குரிய கொலாஜன் கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? 1948-ல் ஏற்பட்ட, அடையாற்றிலுள்ள தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. ஆம் தோழர்களே, தீண்டத்தகாதது என்று ஒதுக்கிய தோலை ஆராயும் நிலையம்தான் உலகுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க உதவிற்று!

மூன்று புரிகளும் நெருங்கி முறுக்கிக் கொள்ளுமிடத்தில் இடம் மிகக் குறைவு. ஆகையால் ஒவ்வொரு மூன்றாவது மணியும் எல்லாவற்றிலும் சிறியதான கிளைசினாகவே இருக்கிறது. அவற்றில் ஒன்று மாறிப் பெரிய மணி வந்துவிட்டால் கயிறு கோணிப் போகும்; சில குழந்தைகளுக்கு எலும்பு கண்ணாடிபோல் நொறுங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைப் பூர்வஜன்ம பாவம் என்று சொல்லி, பெற்ற தாயைப் பரிகாரத்துக்கு அலைய வைப்பது எவ்வளவு கொடுமை! வைட்டமின் சி குறைந்தாலும் கயிற்றின் முறுக்கு உறுதிப்படாது. பல் ஈறில் இரத்தம் கசியும். அதற்கு நெல்லிக்காயும் கொய்யாப்பழமும் உதவும். மந்திரித்த தாயத்து உதவாது.

தோலைத் தண்ணீரில் காய்ச்சினால் மூன்று புரியும் பிரிந்து வஜ்ஜிரப் பசையாகிறது. பச்சைத் தோலை அப்படியே போட்டால் அழுகுகிறது. ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் ஊற வைத்தாலோ, அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இழைகளோடு ஒட்டிக் கொண்டு, அழுகாத பதனிட்ட தோலாகிறது. வஸ்து ஒன்றே, எதனோடு சேர்ந்தது என்பதில்தான் வித்தியாசம். இதைக் கைப்பழக்கத்தில் கண்டறிந்து தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவனை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். அவன் பதப்படுத்திய மாட்டுத் தோலோ மிருதங்கமாகிச் சபா மேடை ஏறிற்று! தோலுக்கு இல்லாத தீட்டு அதைத் தொட்டவனுக்கு எப்படி வந்தது?

பூணூலை முப்புரி நூல் என்று பெருமை பேசுகிறார்கள். அது கடையில் வாங்கும் பருத்தி. உண்மையான முப்புரியோ பார்ப்பனர் தோலிலும், பறையர் தோலிலும், மாட்டுத் தோலிலும் ஒரே முறுக்காக இருக்கிறது. தீக்காயம் பட்டவருக்கு மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் ஏட்டைப் போட்டு ஆற்றுவதுண்டு. அப்போது அந்த உடம்பு, “நீ எந்த ஜாதி?” என்று அந்த ஏட்டைக் கேட்பதில்லை.

இந்தப் பிள்ளைப்பாக்கத்தில் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன. உள்ளே எல்லா ஜாதியாரும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிறார்கள். வீடு திரும்பினால் மட்டும் ஊர் வேறு, காலனி வேறு என்றும், பெண் கொடுக்கும்போது ஜாதி வேண்டும் என்றும் இருப்பது என்ன நியாயம்? இளைஞர்களே, உங்கள் திருமணத்தில் ஜாதியைக் கேட்காதீர்கள். தாய்மார்களே, நோயுற்ற குழந்தையைப் பூசாரியிடம் தூக்கிப் போகாமல் வைத்தியரிடம் தூக்கிப் போங்கள். இவ்விரண்டையும் நீங்கள் செய்தால் நான் இங்கு பேசியது வீண்போகாது என்று கூறி முடித்துக் கொள்ளுகிறேன்.