முதல் ஐந்து நிமிடங்கள்

(செவிலிய மாணவியர்க்கும் சுகாதாரத் துறை அலுவலர்க்கும் ஆற்றிய உரை)



மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்து சேரும் நோயாளியை முதலில் காண்பவர் பெரும்பாலும் செவிலியரே. மருத்துவர் உள்ளே ஒருவருக்குத் தையல் போட்டுக் கொண்டிருப்பார். அல்லது வேறொரு வார்டுக்கு அழைக்கப்பட்டிருப்பார். யாரை உடனே உள்ளே அனுப்புவது, யாரைப் பெஞ்சில் உட்கார வைப்பது என்று அந்த இடைவேளையில் செவிலியர் தீர்மானிக்கிறார். இது ஒரு மருத்துவ முடிவு. ஆயினும் நம் நிருவாகக் கோப்புகளில் இது வரிசை ஒழுங்கைக் காக்கும் வேலையாகவே கருதப்பட்டு வந்துள்ளது.

வந்த வரிசையை விட்டு ஆபத்தின் வரிசையில் நோயாளிகளைக் கவனிக்கும் முறை புதிதன்று. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராயிருந்த லாரே, காயமுற்றவரின் பதவியைப் பாராது காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை அளித்தார். 'ட்ரையாஜ்' என்று இன்று வழங்கும் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் பிரித்தெடுத்தல் என்று பொருள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் பிரிவுகளை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்; அவற்றை விவரிக்கப் போவதில்லை.

மூச்சுப் பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு நிலை, பின்னர் உடையை விலக்கி உடல் முழுவதையும் பார்த்தல் என்பது மதிப்பீட்டின் வரிசை. இவற்றுள் மிகவும் புறக்கணிக்கப்படுவது மூச்சின் எண்ணிக்கையே. நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கருவி சொல்லி விடுகிறது. மூச்சை எண்ணவோ கடிகாரமும் ஒரு முழு நிமிடப் பொறுமையும் தேவை. அதனால்தான் நோயாளிக் குறிப்பேடுகளைப் புரட்டினால், வார்டில் உள்ள அனைவரும் நிமிடத்துக்குச் சரியாக 20 முறை மூச்சு விடுவதாகத் தெரிகிறது! 2012இல் பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி வெளியிட்ட முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25 அல்லது அதற்கு மேல் போனால் அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண், அதாவது ஓர் அளவுக்குரிய உச்ச மதிப்பெண், தரப்படுகிறது. 2 முதல் 12 மாதக் குழந்தைக்கு 50உம், 1 முதல் 5 வயதுக் குழந்தைக்கு 40உம் எட்டினால் அது வேக மூச்சு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி 97 காட்டுகிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். நீரிழிவு முற்றி இரத்தத்தில் அமிலம் மிகுந்தவரும் அந்த எண்ணையே காட்டுவார். அவருடைய மூச்சுதான் ஆழ்ந்தும் விரைந்தும் ஓடி உண்மையைச் சொல்லும்.

ஆனால் எண்களும் கைவிடும் இடம் உண்டு. மழைக்காலத்தில் விடியற்காலை, கூலித் தொழிலாளி ஒருவரை வயிற்று வலி என்று கொண்டு வருகிறார்கள் என வைத்துக் கொள்வோம். வாந்தி ஒரு முறை. நாடி, அழுத்தம், மூச்சு, காய்ச்சல் எல்லாம் ஏறத்தாழச் சரி. மதிப்பெண் முறைப்படி அவர் பச்சை, பெஞ்சில் காத்திருக்கலாம். அனுபவமுள்ள செவிலியர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: "இரவு எங்கே படுத்திருந்தீர்கள்?" தரையில் என்று விடை வந்தால் அவர் இமைகளைப் பார்ப்பார், தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வார், எச்சில் விழுங்க முடிகிறதா என்று கேட்பார். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமல் போவது உண்டு. பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாது. வயிற்று வலி முதலில் வரும், இமை தொங்கும், கழுத்து தளரும், பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். நஞ்சு முறி மருந்தோடு செயற்கை மூச்சும் தேவைப்படும். பெஞ்சில் கழிந்த ஒரு மணி நேரத்தை எந்த மருந்தாலும் திரும்பப் பெற முடியாது.

இஃது அரிய உதாரணம் அன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கக் கூடும் என்று 2020இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. இச்சாவுகளை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல் திட்டத்தை மத்திய அரசு 2024 மார்ச்சில் அறிவித்தது. மருந்துக் குப்பிகளை அனுப்புவது அதில் எளிய பகுதி. அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரை வாயிலில் நிறுத்துவதுதான் கடினம்.

அலுவலர்களுக்கு ஒரு சொல். அவசர நிலையில் வருபவருக்குக் காவல் துறை நடைமுறைகளைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. 1992இல் ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளர் அமைப்பினர் ஒருவரைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் பலவும் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. அவ்வழக்கில் 1996இல், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று அதே நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடும் விதித்தது. இத்தீர்ப்புகளை வாயிலில் நிறைவேற்ற வேண்டியவர் செவிலியர். அவருக்கு அதற்கான அதிகாரம் எழுத்தில் உண்டா?

மருத்துவர் வருமுன் ஆக்சிஜன் தொடங்கவும், சிரையில் ஊசி பொருத்தவும், சர்க்கரை அளவைப் பார்க்கவும், இன்ன குறிகள் கண்டால் மருத்துவரை உடனே அழைக்கவும் நிலை ஆணை ஒன்று கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அது இல்லாத இடத்தில், தெரிந்த செவிலியரும் 'பின்னால் யார் பதில் சொல்வது' என்று தயங்குவார்; அத்தயக்கத்தைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள் அட்டை பெற்றுக் காத்திருப்பவரை மீண்டும் பார்ப்பது யார், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்பதும் அவ்வாணையில் இருக்க வேண்டும். இரவுப் பணியில் இருவரே உள்ள பிரிவில் ஒருவரை வாயிலுக்கு ஒதுக்குவது எளிதன்று. பணியிடங்களை நிரப்பாமல் ஆணை மட்டும் அனுப்பினால் அது சுவரில் மட்டுமே இருக்கும்.

செலவில்லாத ஒன்றை நாளையே செய்யலாம். சீட்டுப் பதியும் மேசைக்கு முன்பாகச் செவிலியரின் மேசையைப் போடுங்கள். அதன் எதிரே நொடி முள் உள்ள ஒரு சுவர்க் கடிகாரத்தை மாட்டுங்கள்.