ஜன்னல் வழியே வந்த சொல்

ஆங்கிலத்தில் ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’ என்றொரு சொல் உண்டு. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்பேன். ராணுவப் பாதுகாப்பு என்பார்கள் சிலர், காடழிப்பு என்பார்கள் சிலர். ஆளைத் தூக்கி ஜன்னல் வழியே வெளியே வீசுவது என்றதும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அதற்கென்று தனிச்சொல்லா என்று நீங்களும் கேட்பீர்கள்.

லத்தீனில் ‘ஃபெனஸ்ட்ரா’ என்றால் ஜன்னல். முன்னால் வரும் ‘டி’ வெளியேற்றத்தைக் காட்டுகிறது. (நம்முடைய ‘ஜன்னல்’ போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது, அதை இன்னொரு நாள் பேசுவோம்.) எனக்குப் பிடித்தது இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கதை.

1618 மே 23. பொஹீமியாவின் தலைநகர் ப்ராக். தங்கள் வழிபாட்டு உரிமையில் கத்தோலிக்கப் பேரரசரின் ஆட்கள் கைவைக்கிறார்கள் என்று கொதித்த புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கோட்டைக்குள் புகுந்தார்கள். பேரரசரின் பிரதிநிதிகளான மார்ட்டினிட்ஸ், ஸ்லவாட்டா இருவரையும் அங்கேயே விசாரித்து, ஜன்னல் பக்கம் இழுத்துப்போனார்கள். மார்ட்டினிட்ஸ் முதலில் போனார். ஸ்லவாட்டா விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கினார். குத்துவாளின் பிடியால் விரல்களில் அடித்து அவரையும் விழவைத்தார்கள்.

இனி வருபவர்தான் என் மனம் கவர்ந்தவர். பிலிப் ஃபப்ரீசியஸ், அந்தப் பிரதிநிதிகளின் எழுத்தர். எந்த முடிவும் எடுக்காதவர், எழுதுவது மட்டுமே அவர் வேலை. அவரையும் விட்டுவைக்கவில்லை. கிட்டத்தட்ட 70 அடி உயரம். நம்புங்கள், மூவருமே பிழைத்தார்கள்! மரியன்னை தாங்கிக்கொண்டாள் என்றார்கள் கத்தோலிக்கர்கள். குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. ஃபப்ரீசியஸ் வியன்னாவுக்கே போய்ப் பேரரசரிடம் சேதி சொன்னார். பின்னாளில் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. பட்டத்தின் பெயர் ‘ஃபான் ஹோஹன்ஃபால்’. ‘ஹோஹன்ஃபால்’ என்றால் ஜெர்மன் மொழியில் உயரத்திலிருந்து விழுதல்! மன்னர்களும் தளபதிகளும் நிறைந்த வரலாற்றில் ஓர் எழுத்தரின் பெயர் நிலைப்பது அபூர்வம். அதனால்தான் அவரை விட்டு நகர மனம் வரவில்லை.

இந்தச் சம்பவத்தால் மூண்ட முப்பதாண்டுப் போர் 1648இல்தான் ஓய்ந்தது. இதே ப்ராக்கில் 1419இலும் நகரமன்றத்தாரை இப்படி வீசினார்கள், அவர்கள் பிழைக்கவில்லை. இன்று பதவியிலிருந்து ஒருவரை அதிரடியாக இறக்குவதற்கும் இச்சொல் பயன்படுகிறது.

ப்ராக் கோட்டைக்குப் போக வாய்ப்பு கிடைப்பவர்கள் பழைய அரண்மனையில் இவர்களை வீசிய அந்த அறையைத் தவறாமல் பாருங்கள். ஜன்னலருகே நின்று கீழே எட்டிப் பார்க்கும்போது அந்த எழுத்தரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.