வாங்குவதா, வெளியேறுவதா?
மும்பை ஆலைப்பகுதியில் ஒரு வீட்டின் கணக்கு

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் தமிழ் வடிவம்)

வீடு வாங்குவது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம் என்றும், அதில் கட்சி வகுப்புக்கு என்ன வேலை என்றும் சிலர் கேட்கக்கூடும். மும்பையின் பரேல், லால்பாக், வொர்லி, நாய்காவ் பகுதிகளில் வாழும் உழைப்பாளிக் குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அங்கே கிளைக் கூட்டம் முடிந்து தோழர்கள் கலையும் நேரத்தில், ஒருவர் மற்றொருவரிடம் தாழ்ந்த குரலில் கேட்பது வேறொன்று: “அறையை விற்றுவிட்டுப் பத்லாப்பூர் போய்விடலாமா? அல்லது கடன் வாங்கி இங்கேயே ஒரு வீடு பிடிக்கலாமா?” ஒரு வாழ்நாளின் சேமிப்பு இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஒரு பகுதியில் உழைக்கும் மக்களின் இயக்கம் நீடிக்குமா என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. எனவே இதை அமைதியாக, கணக்குப் போட்டு ஆராய வேண்டியது கடமையாகிறது.

விலையை உருவாக்கியது யார்?

வீட்டின் விலையைத் தரகர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். அந்த விலை எப்படி உருவானது என்பதைச் சொல்வதற்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு தேவைப்படும்.

காவஸ்ஜி தாவர் 1854இல் நிறுவிய நிறுவனம் தார்தேவில் பம்பாயின் முதல் பஞ்சாலையை எழுப்பியது. அதைத் தொடர்ந்து பெருகிய ஆலைகளைச் சுற்றி ‘கிரண்காவ்’, அதாவது ஆலைகளின் ஊர், உருவாயிற்று. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த உழைப்பாளிகள் ‘சால்’ எனப்படும் வரிசை அறைக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தார்கள். ஒரே அறையில் பலர் முறைவைத்து உறங்கினார்கள். குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டு வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்ட ‘கானாவல்’ பெண்கள் அந்தப் பொருளாதாரத்தின் கண்ணுக்குத் தெரியாத தூண்களாக இருந்தார்கள். 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தில் பிறந்த கிர்ணி காம்கார் யூனியன், இந்தச் சால்களின் முற்றங்களில்தான் வேரூன்றியது.

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் முறைப்படி திரும்பப் பெறப்படவே இல்லை. ஆனால் வேலை திரும்பவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. துணியைவிட நிலம் அதிக லாபம் தரும் என்பதை ஆலை முதலாளிகள் கண்டுகொண்டார்கள். அந்த நிலத்தில் ஒரு பகுதி, தொழில் நடத்துவதற்கென்றே அரசிடமிருந்து குத்தகையாகப் பெறப்பட்டதாகும்.

1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலங்களை மூன்று பங்காக்கியது. ஒரு பங்கு திறந்தவெளிக்காக மாநகராட்சிக்கு. ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்காக ‘மாடா’ எனப்படும் மாநில வீட்டுவசதி வாரியத்திற்கு. ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001இல் இந்த விதி திருத்தப்பட்டது. கட்டடம் நிற்கும் பரப்பு பங்கீட்டுக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டு, காலியாகக் கிடந்த நிலம் மட்டுமே பங்கிடப்படும் என்றாயிற்று. மாநகரின் நடுவே கிடைத்திருக்க வேண்டிய பூங்காக்களும் உழைப்பாளிகளின் வீடுகளும் ஒரு சொல்லின் பொருள் மாற்றத்தில் சுருங்கிப் போயின. 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அதன்பின் எழுந்த கோபுரங்களும் வணிக வளாகங்களும் எல்லோரும் அறிந்தவை.

பழைய ஆலைச் சங்கொலிக்கு ஏற்ப அமைந்த தெருக்களும் நடைமேம்பாலங்களும் புதிய அலுவலகக் கூட்டத்தைத் தாங்கவில்லை. 2017 செப்டம்பரில் எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தின் குறுகிய மேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பரில் கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகத் தீயில் 14 உயிர்கள் போயின. சதுர அடி விலையில் இந்த உயிர்கள் எதுவும் கணக்கில் வருவதில்லை.

ஆகவே, இன்று பரேலில் ஒரு சிறு வீட்டுக்குக் கேட்கப்படும் கோடி ரூபாயில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் உரியது சிறு பகுதியே. பெரும்பகுதி நிலவாடகை. உழைப்பாளிகள் உருவாக்கிய நகரத்தின் மதிப்பை, அவர்களிடமே திருப்பி விற்பதுதான் இந்த வாணிபம்.

குடும்பத்தின் முன் உள்ள வழிகள்

இத்தகைய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தந்தை நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். மகன் மருத்துவமனை ஊழியர். மருமகள் தையல் வேலை செய்பவர். ‘பக்டி’ முறையில், அதாவது முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக வாழும் உரிமையில், 160 சதுர அடி அறை. அவர்கள் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, அறையின் உரிமையை மாற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறுவது. வழக்கப்படி அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அளவு கட்டட உரிமையாளருக்குப் போகும். எஞ்சியதைக் கொண்டு பத்லாப்பூரில் இரண்டு அறை வீடு கிடைக்கலாம். ஆனால் பத்லாப்பூர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து சுமார் 68 கிலோமீட்டர். மகன் நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ரயிலில் தொங்க வேண்டும். மருமகளின் வாடிக்கையாளர்கள் லால்பாகிலேயே தங்கிவிடுவார்கள். முதியவரின் மருத்துவம் தொலைதூரமாகும். வீட்டின் பரப்பு கூடும். வாழ்க்கையின் பரப்பு குறையும்.

இரண்டாவது வழி, வங்கிக் கடன் வாங்கி அதே பகுதியில் ஒரு வீடு வாங்குவது. ஐம்பது லட்சம் கடன், எட்டரை விழுக்காடு வட்டி, 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 43,400 ரூபாய். முடிவில் வங்கிக்குச் செல்வது ஒரு கோடியே நான்கு லட்சம். வட்டி மட்டும் அசலைவிட அதிகம். இதற்கு மேல் ஆறு விழுக்காடு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், கட்டுமானத்தில் உள்ள வீடானால் ஜி.எஸ்.டி., குடிபுகுந்த நாள்முதல் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம். மின்தூக்கியும் நீரேற்றும் மோட்டாரும் காவலாளும் உள்ள கோபுரத்தில், சால் வாடகையைப்போல் பல மடங்கு தொகை பராமரிப்புக்கே போகும். பலர் விலையை எண்ணி வாங்கி, பராமரிப்பைத் தாங்க முடியாமல் விற்றுச் செல்கிறார்கள்.

மூன்றாவது வழி, இருக்கும் அறையிலேயே இருந்து, மறுகட்டுமானத்தில் உரிய வீட்டைப் போராடிப் பெறுவது. இந்த வழியைத் தரகர் சொல்லமாட்டார், வங்கியும் சொல்லாது.

எங்கெல்ஸ் காட்டிய எச்சரிக்கை

1872இல் லைப்சிக் நகரின் தொழிலாளர் பத்திரிகையில் எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதினார். ஒவ்வொரு தொழிலாளியையும் வீட்டுக்குச் சொந்தக்காரராக்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற வாதத்தை அவர் தகர்த்தார். நகர மையத்தில் நில மதிப்பு உயரும்போது பழைய குடியிருப்புகள் இடிக்கப்படுவதும், உழைப்பாளிகள் விளிம்புக்குத் தள்ளப்படுவதும் முதலாளித்துவ நகரத்தின் இயல்பான விதி என்று விளக்கினார். கடனில் வாங்கிய வீடு தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போட்டு, முதலாளியின் நிபந்தனைக்குப் பணிய வைக்கும் என்றும் எச்சரித்தார்.

இந்த எச்சரிக்கையைச் சில தோழர்கள் பிழையாகப் படிக்கிறார்கள். வீடு வாங்குபவர் கொள்கையிலிருந்து வழுவியவர் என்று பார்ப்பது எங்கெல்ஸின் கருத்துக்கு அந்நியமானது. தலைக்கு மேல் கூரை தேடும் குடும்பத்தைக் குற்றவாளியாக்குவது எந்த அரசியலும் ஆகாது. தவணை கட்டும் ஊழியர் வேலைநிறுத்த நாளன்று முதலில் நினைப்பது வங்கியைத்தான் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்தில் கொண்டே முடிவெடுக்க வேண்டும். வீடு வாழ்வதற்கென்றால், தவணை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குமென்றால், ஓராண்டுத் தவணைக்கான சேமிப்பு கைவசம் உண்டென்றால், வாங்குவதில் தவறில்லை. ஐந்தாண்டில் விலை இரட்டிக்கும் என்ற நம்பிக்கை மட்டுமே காரணமானால், அது உழைப்பின் சேமிப்பைச் சூதாட்டத்தில் வைப்பதாகும். மாறிவரும் பகுதியில் விலை ஏறுவதும் தேங்குவதும் உழைப்பாளியின் கையில் இல்லை.

காகிதங்களைப் படியுங்கள்

வொர்லியின் காம்பா கோலா வளாகத்தில் 1980களில் அனுமதிக்கப்பட்ட மாடிகளுக்கு மேல் பல மாடிகள் எழுப்பி விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பணம் செலுத்தினார்கள், குடியிருந்தார்கள், வரியும் கட்டினார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் அந்த மாடிகளை இடிக்க உத்தரவிட்டது. நடுத்தர வர்க்கத்தினருக்கே இந்தக் கதியானால், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் எத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

ஆகவே ‘ஓ.சி.’ என்று வழங்கும் குடிபுகு சான்றிதழ் இல்லாத வீட்டை வாங்காதீர்கள். கட்டுமானத்தில் உள்ளதானால், 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. விலையைச் சுவர்களுக்குள் உள்ள பயன்பாட்டுப் பரப்பின்படி கணக்கிடுங்கள். மறுகட்டுமானத்தில் கிடைத்த வீட்டை ஒருவர் விற்க முன்வந்தால், விற்பனைத் தடைக் காலம் முடிந்துவிட்டதா என்று விசாரியுங்கள்.

வாங்குபவரும் குடியிருப்பவரும்

கோரேகாவின் பத்ரா சால் அனுபவத்தை ஒவ்வொரு கிளையும் விவாதிக்க வேண்டும். 672 குடும்பங்கள் 2008இன் மறுகட்டுமான ஒப்பந்தத்தை நம்பி வெளியேறின. வாடகைத் தொகை நின்றது, வீடு எழும்பவில்லை, பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்தக் குடும்பங்கள் வாடகை வீடுகளில் அலைந்தன. அதே நிலத்தின் விற்பனைப் பகுதியில் பணம் செலுத்தியவர்களும் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். இரு தரப்பும் ஒரே மூலதனத்திடம் ஏமாந்தவை. ஆனால் பழைய குடியிருப்பாளர்களால்தான் தாமதம் என்று வாங்கியவர்களிடமும், வாங்கியவர்கள்தான் நிலத்தைப் பறித்தவர்கள் என்று குடியிருந்தவர்களிடமும் சொல்லப்படுவது இத்தகைய இடங்களில் வாடிக்கை.

மறுபுறம், 1920களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்களைப் பாருங்கள். 160 சதுர அடி அறைகளுக்கு மாற்றாக 500 சதுர அடி வீடுகளை மாடா கட்டித் தருகிறது. 2025 ஆகஸ்டில் வொர்லியில் 556 குடும்பங்களுக்கு முதல் தொகுதி வழங்கப்பட்டது. குறைகளும் தாமதங்களும் உண்டு. ஆயினும் நிலம் பொதுக் கையில் இருந்ததாலும், குடியிருந்தவர்கள் சிதறாமல் நின்று பேரம் பேசியதாலுமே இது சாத்தியமாயிற்று.

இங்கேதான் தனிமனித முடிவு கூட்டு முடிவாகிறது. பழைய கட்டடங்களின் மறுகட்டுமானத்துக்கு முன்பு 70 விழுக்காடு குடியிருப்பாளர்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. பின்னர் அது 51 ஆகக் குறைக்கப்பட்டது. ஒவ்வோர் அறையாகத் தரகர் வாங்கிக்கொண்டே போனால், எஞ்சியவர்களின் பேரவலிமை ஒவ்வோர் அறையாகக் கரைகிறது. முதலில் விற்றவருக்குக் கிடைத்த தொகையைப் பார்த்துப் பக்கத்து அறைக்காரர் பொறாமைப்படுகிறார். கடைசியாக நின்றவர் இழந்ததை யாரும் எண்ணுவதில்லை.

ஆலைத் தொழிலாளர்களின் வீட்டுக் கோரிக்கையும் இதையே உணர்த்துகிறது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2012இல் நடந்த முதல் குலுக்கலில் 6,925 வீடுகளே இருந்தன. இப்போது ஷேலு, வாங்கணி போன்ற தொலைவிடங்கள் காட்டப்படுகின்றன. மும்பையிலேயே வீடு வேண்டும் என்று முதிய தொழிலாளர்கள் ஆசாத் மைதானத்தில் கூடுவது, சதுர அடிக்காக மட்டும் நடக்கும் போராட்டமன்று. தாங்கள் கட்டிய நகரத்தில் தங்கும் உரிமைக்கான போராட்டம்.

தாராவியிலும் இதே கேள்வி

தமிழ்த் தோழர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமாக வருவது தாராவியில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதானி குழுமமும் மாநில அரசும் பங்கு கொண்ட நிறுவனத்தின் கணக்கெடுப்பை எதிர்கொள்கிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்ந்ததை மெய்ப்பிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்று திட்டம் கூறுகிறது. பின்னர் வந்தோருக்கும் மேல்தளத்தில் குடியிருப்போருக்கும் தாராவிக்கு வெளியே வேறு நிபந்தனைகள். இந்நிலையில், “திட்டம் வருகிறது, இப்போதே ஓர் அறை வாங்கிப் போடுங்கள்” என்று ஊர்க்காரரே வந்து சொன்னாலும் மயங்க வேண்டாம். எந்தத் தளம், எந்த ஆண்டு ஆவணம், யார் பெயரில் கணக்கெடுப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கிடைக்காமல் பணம் கொடுக்கலாகாது. அங்கே வாழ்வோரும் கணக்கெடுப்புக் காகிதத்தைத் தனியாகக் கையொப்பமிடாமல், அண்டை வீட்டாருடன் அமர்ந்து படிக்க வேண்டும்.

கிளைகளின் கடமை

தோழர்களே! வீடு வாங்க நினைக்கும் உறுப்பினர் கிளைக்கு மறைத்து முடிவெடுக்கும் நிலை இருக்கக் கூடாது. சட்டம் அறிந்த தோழர் ஒருவரும் கணக்கு அறிந்த தோழர் ஒருவரும் மாதம் ஒருநாள் அமர்ந்து, காகிதங்களைப் படித்துச் சொல்லும் ஏற்பாட்டை ஒவ்வொரு கிளையும் செய்யலாம். சால்களில் குடியிருப்போர் சங்கங்களை அமைக்க வேண்டும். புதிய கோபுரங்களில் வீடு வாங்கிக் குடிபுகும் தோழர்கள் அங்குள்ள வீட்டுவசதிச் சங்கத்தில் பொறுப்பேற்று, பக்கத்துச் சாலின் தண்ணீர்க் குழாயும் நடைபாதை வியாபாரியின் இடமும் பறிபோகாமல் காக்க வேண்டும். அவர்கள் வாங்கியது ஒரு வீடு. அதைச் சுற்றியிருக்கும் ஊர் விற்பனைக்கு உரியதன்று.

வாங்குவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் வருமானத்தையும் தேவையையும் வைத்து முடிவு செய்யட்டும். அச்சத்தாலும் ஆசையாலும் தனித்தனியே பிரிந்து முடிவெடுக்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளாதிருப்பதே இயக்கத்தின் வேலை. பொது நிலத்தில் பொது வீட்டுவசதி, குடியிருந்த இடத்திலேயே மறுகுடியமர்வு, ஆலைத் தொழிலாளர்களுக்கு மும்பையிலேயே வீடு ஆகிய மூன்று கோரிக்கைகளையும் ஒவ்வொரு சாலின் படிக்கட்டுக்கும் கொண்டு செல்லுங்கள்.