வளைந்து கொடுக்கும் பலகை



மோட்டார் காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் சிறு படுக்கை வண்டி ஒன்று அமெரிக்க நாட்டில் 1930களில் பரவலாயிற்று. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு நீர்த்துளியைப் படுக்க வைத்தாற்போல் இருக்கும். முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து ஒடுங்கும். ஆதலின் அந்நாட்டார் அதற்குக் கண்ணீர்த்துளி வண்டி என்றே பெயரிட்டனர். உள்ளே இருவர் படுத்து உறங்கலாம். எழுந்து நிற்க இயலாது. பின்கதவைத் தூக்கினால் அதன் நிழலில் ஒரு சிறு அடுக்களை. நம் கூண்டு வண்டியை அறிந்தவருக்கு இது முற்றிலும் புதியதாகத் தோன்றாது. 1947இல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்னும் இதழ் இவ்வண்டியின் வரைபடத்தை வெளியிட்டது. அத்தகைய படங்களை வைத்துக்கொண்டு, தச்சுத் தொழிலில் பழகாதவர்கள்கூடத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே இதனைக் கட்டினர், இன்றும் கட்டுகின்றனர்.

வண்டி பெரும்பாலும் நான்கடி அகலமும் எட்டடி நீளமும் உடையது. ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், அந்த அளவில்தான் கடையில் கிடைக்கின்றது என்பதே காரணம். சுவர்கள் தட்டையானவை, அறுத்து நிறுத்திவிடலாம். தொல்லை கூரையில் தொடங்குகின்றது. தட்டையான பலகை, வளைந்த சுவரின் விளிம்பைத் தழுவி இறங்க வேண்டும். அங்கேதான் பலருடைய பலகை ‘படார்’ என்று முறிகின்றது. முறிந்தால் ஒரு பலகையின் விலை போயிற்று என்று விட்டுவிடலாம். முறியாமல் மயிரிழை போன்ற கீறல் மட்டும் விழுந்தால் அது இன்னும் தீது. மழைநீர் அதன் வழியே சிறுகச் சிறுக இறங்கும். கூரை உளுத்துப் போகும் வரையில் உள்ளே உறங்குபவருக்கு அது தெரியாது.

பலகை ஏன் முறிகின்றது? எந்தப் பலகையை வளைத்தாலும் அதன் வெளிப்புறம் நீள்கின்றது, உட்புறம் குறுகுகின்றது. கால் அங்குலக் கனமுள்ள பலகையை இரண்டடி ஆரமுள்ள வளைவில் வளைப்பதாகக் கொள்வோம். வெளிமுகம் ஓரடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, நீள வேண்டும். கேட்பதற்கு அற்பமாக இருக்கின்றது. மரத்துக்கு அது அற்பமன்று. பலகையின் கனம் இரட்டித்தால் இந்த நீட்சியும் இரட்டிக்கின்றது. வளைப்பதற்கு வேண்டிய வலிமையோ இரட்டிப்பதன்று, எட்டு மடங்காகின்றது. ஆகையால் கனத்த பலகையின்மேல் ஏறி அமர்ந்து வளைத்துவிடலாம் என்று எண்ணுபவர், கணக்கோடு மல்லுக்கு நிற்கின்றார்.

இன்னொன்றும் உண்டு. ஒட்டுப்பலகை, மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ரேகை குறுக்கும் நெடுக்குமாக மாறி வரும்படி ஒட்டிச் செய்தது. ஆதலால் அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைவதில்லை. நம் வீட்டுக் கோரைப் பாயை நினைத்துப் பாருங்கள். பாயைச் சுருட்டும்போது கோரை வளைவதே இல்லை. சுருளின் நீளவாக்கில் நேராகவே கிடக்கின்றது. அதனால்தான் பாய் அவ்வளவு எளிதாகச் சுருள்கின்றது. பலகையின் மேல்தகட்டு ரேகையும் அப்படியே வண்டியின் அகலவாக்கில் கிடக்க வேண்டும். அமெரிக்க ஒட்டுப்பலகைத் தொழிலார் வகுத்த அளவின்படி, கால் அங்குலப் பலகை ரேகைக்குக் குறுக்காக இரண்டடி ஆரம் வரையில் வளையும். ரேகையின் வழியே வளைத்தால் ஐந்தடி ஆரத்துக்குக் கீழே இறங்கலாகாது. அரை அங்குலப் பலகைக்கு இவ்வளவுகள் ஆறடியும் பன்னிரண்டடியும் ஆகின்றன.

இதில் ஒரு சங்கடம். கடைப் பலகையில் மேல்ரேகை பொதுவாக எட்டடி நீளத்தின் வழியே ஓடும். அதைத் திருப்பிப் போட்டால் கூரையின் நான்கடியைத்தான் மூடும். பலகையை இரண்டாக அறுத்து நடுவில் மூட்டு வைக்க நேரும். மூட்டு வேண்டாம் என்னும் ஆசையால் பலகையை நீளவாக்கிலேயே போர்த்தப் பார்த்து, இறுகிய வளைவில் முறித்துக்கொள்பவர் பலர். என் கருத்தில், குறுக்குச் சட்டத்தின்மேல் சரியாக அமைந்த மூட்டுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

இனி முக்கியமான செய்திக்கு வருகின்றேன். நான் பட்டறையில் மாணவருக்கு இதை விளக்கும்போது மரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு பாடப் புத்தகத்தைக் கையில் கொடுப்பேன். புத்தகத்தை வளையுங்கள், எளிதில் வளைகின்றது. ஓரத்தைப் பாருங்கள், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, விளிம்பு சாய்ந்து நிற்கின்றது. அந்த வழுக்கல்தான் வளைவுக்கு இடம் கொடுத்தது. இப்போது வளைந்த நிலையிலேயே தாள்கள் அனைத்தையும் பசையிட்டு ஒட்டிவிட்டால்? மறுபடியும் நிமிராது. மரத்திலும் இதுவே வழி. ஒரு கால் அங்குலப் பலகைக்கு மாற்றாக அரைக்கால் அங்குலத் தகடுகள் இரண்டை எடுத்துக்கொள்கின்றோம். ஒட்டாத நிலையில் அவ்விரண்டையும் சேர்த்து வளைக்க, கனத்த பலகைக்கு வேண்டிய வலிமையில் நாலில் ஒரு பங்கே போதும். முதல் தகட்டைச் சட்டங்களின்மேல் பொருத்தி, அதன்மேல் பசை தடவி, இரண்டாவதைப் போர்த்தி இறுக்கினால், பசை உலர்ந்தபின் கூரை முழுக் கனத்தின் உறுதியையும் பெற்றுவிடுகின்றது. மெலிவாக இருக்கும்போது வளைந்துகொண்டு, வளைந்தபின் தடித்துக்கொள்கின்றது!

பசையைக் காப்பது அழுத்தம். 1940இல் முதன்முதலாகப் பறந்த ‘மாஸ்கிட்டோ’ என்னும் ஆங்கிலப் போர் விமானத்தின் உடல் இவ்வாறே, அச்சின்மேல் வளைத்த பிர்ச் மர ஒட்டுப்பலகைகளின் நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டி, இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டது. 1944இல் நம் நாட்டில் பணியாற்றிய அவ்விமானங்கள் சில வானிலேயே சிதைந்தமையால், சில காலம் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தி ஆராய்ந்தனர். நம் வெப்பமும் ஈரமும் பசையைக் கெடுத்தனவோ என்ற ஐயம் எழுந்தது. மரம் மரத்தோடு நெருங்கிப் படியாத மூட்டுகளும் கண்டறியப்பட்டன. இடைவெளியைப் பசையால் நிரப்பிவிடலாம் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை இதனால் அறியலாம். வண்டி கட்டுபவர் கூரையின்மேல் குறுக்கே ரீப்பர்களைப் பரப்பி, அவற்றின்மேல் பட்டை நாடாக்களை இழுத்துக் கட்டி, அழுத்தம் எங்கும் ஒன்றுபோல் விழச் செய்கின்றனர்.

வளைவு இன்னும் இறுக்கமானால் வெந்நீரின் துணை வேண்டும். தடித்த துணியைக் கொதிநீரில் நனைத்து வெளிமுகத்தில் போர்த்தினால் மரம் இளகும். நீர் தாங்கும் பசையால் செய்த பலகைக்கே இது பொருந்தும். மற்றது ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். ஈரப்பலகையை உடனே ஒட்டவும் கூடாது. சட்டத்தின்மேல் கட்டி உலரவிட்டுப் பிறகுதான் பசை. உட்புறத்தில் வரிசையாக ரம்பக் கீற்று இட்டு வளைப்பவரும் உண்டு. பலகை எளிதில் மடங்கும் என்பது உண்மைதான்; ஆனால் வெளிமுகம் உருளையாக இராமல் பட்டை பட்டையாகத் தோன்றும், வலிமையும் குறையும். எனக்கு அது பிடித்தமில்லாத வழி.

ஒரே பக்கமாக வளைவதைப் பற்றியே இதுவரை சொன்னேன். இரு திசையிலும் வளைந்த பரப்பு, தேங்காயின் மேற்புறம் போன்றது. அதன்மேல் தாளை ஒட்டிப் பாருங்கள், சுருக்கம் விழும். இரண்டாம் உலகப் போரின்போது சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியர், காயமுற்ற வீரரின் காலைத் தாங்கும் அணையை ஒட்டுப்பலகையில் செய்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தம் குடியிருப்பிலேயே அச்சு அமைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து அழுத்தம் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். அந்த அணையில் காணும் துளைகளும் பிளவுகளும் அழகுக்காக இட்டவை அல்ல; சுருக்கம் விழ வேண்டிய இடத்தில் மரத்தை நீக்கியவை. துளி வண்டியின் கூரையை ஒரு திசையில் மட்டும் வளையும்படி வகுத்தவர் இந்தத் தொல்லையை அறிந்தே வகுத்திருக்கின்றார்.

எஞ்சியிருப்பது பின்கதவு. கூரையைச் சுவர்கள் பிடித்துக்கொள்ளும். கதவைப் பிடிக்க எதுவுமில்லை. கட்டுகளை அவிழ்த்தவுடன் அது சற்றே நிமிரப் பார்க்கும். கணக்கின்படி, சம கனமுள்ள இரண்டு தகடுகளை ஒட்டினால் வளைவில் நாலில் ஒரு பங்கும், மூன்றை ஒட்டினால் ஒன்பதில் ஒரு பங்கும் மீள முயல்கின்றது. அதை அடக்குவன கதவின் உள்ளே உள்ள வளைந்த சட்டங்கள். அவற்றைச் சுவரின் வளைவினும் ஒரு சிறிது இறுக்கமாக அறுத்து வைப்பார்கள். கதவு நிமிர்ந்து வரும்போது அதன் கீழ்விளிம்பு சுவரின் விளிம்போடு வந்து பொருந்தும். இடையில் ஒரு ரப்பர்ப் பட்டை வைத்தால் மழை உள்ளே வராது.