குடம் காலியான பின்னர்

மாணவ நண்பர்களே! கட்டணமின்றி ஒரு நகரமே கூடி மகிழும் கோடை விழாவைக் காண விழைவோரை மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குச் செல்லுமாறு சொல்வேன். கள்ளழகர் முழுநிலவு நாளில் வைகையில் இறங்குகிறார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலிலிருந்து அவர் வரும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் அமைத்து, நீர்மோரும் பானகமும் வழங்குகின்றனர். காசு கேட்பாரில்லை. வழங்குவோருள் இளைஞர் பலர்.

இத்தொண்டு போற்றத்தக்கதே. ஆயினும், குடம் காலியானதும் அது முடிந்துவிடுகிறதா? ஆற்று மணலிலும் வீதியிலும் குவளைகள் சிதறிக் கிடக்கின்றனவே! அவற்றை அகற்றும் சுமையைத் துப்புரவுத் தொழிலாளர் மீதே சுமத்திவிட்டுச் செல்வது முறையாகுமா? கோடை விடுமுறையிலிருக்கும் நீங்கள், மோர் வார்த்த கையாலேயே பந்தலைச் சுற்றிலும் தூய்மை செய்துவிட்டு வீடு திரும்புங்கள். அப்பொழுதே தொண்டு நிறைவு பெறும் என்பது என் கருத்து.